திரும்பி நின்ற பதினோரு நிமிடம்

என் வலது கை போடி மலைக்குள் ஒன்பது சுரங்கங்களில் வேலை செய்துகொண்டிருந்தபோது நான் வெளியே வரவேற்பறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் இருக்கிறது: ‘மோனிஷா என்பவரின் வலது கை கலவை அடிக்கும் அசைவுகள் அனைத்தும் இன்று முதல் நிறுவனத்தின் உடைமை.’ அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டதும் அதே கைதான். அன்றைக்கு என் புத்தி எங்கே மேயப் போயிருந்தது என்று என்னை நானே திட்டிக்கொள்ளாத நாள் கிடையாது.

நான் நாசில்காரி. மலையைக் குடைந்து ரயில் பாதை போடுகிறார்களே, அந்த வேலையில் சாட்கிரீட் அடிப்பவள். வெடி வைத்துப் பாறையை உடைத்தபின் மலை சும்மா இருக்காது. உதிரும், நகரும், ஒருபக்கமாகச் சாயப் பார்க்கும். அதற்குள் சிமென்ட் கலவையைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிப் பாறைமேல் ஓடு மாதிரி ஒட்டவைத்துவிட வேண்டும். நாசில் என்கிற குழாய் முனையில் மருந்து கலப்பதால் கலவை சில நிமிடங்களிலேயே இறுகிவிடும். பாறையைத் தாங்க இடையிடையே வளைந்த இரும்புச் சட்டங்கள் நிற்கும், ரிப் என்போம். அந்த ரிப்புக்குப் பின்னால் கலவை போய்ச் சேர வேண்டும். எங்கள் வேலையின் உயிரே அதுதான். நேராக நின்று அடித்தால் கலவை ரிப்பின் மேலேயே படிந்து மூடிக்கொள்ளும். பார்க்க மொழுமொழுவென்று லட்சணமாக இருக்கும், பின்னால் வெறும் பொந்து. அந்தப் பொந்தில் மழைத் தண்ணீர் சேர்ந்தால் ஒருநாள் மேலே இருப்பது கீழே வந்துவிடும். கீழே யார் நிற்கிறார்கள் என்றெல்லாம் அது பார்க்காது.

இவையெல்லாம் குறுகலான சுரங்கங்கள், பெரிய இயந்திரம் உள்ளே திரும்பாது. அதனால் கையால் அடிப்பவர்களுக்குக் கிராக்கி. அதிலும் என் கைக்குத் தனி மவுசு. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன? மற்றவர்கள் ஒரு வளைவு அடித்தால் கீழே சிந்தியதை நாலு தள்ளுவண்டியில் அள்ள வேண்டும். நான் அடித்தால் ஒரு வண்டிகூட நிறையாது.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு காலையில் நவநீத் என்ற பொறியாளர் வந்தார். அப்போதுதான் படித்து முடித்து வேலையில் சேர்ந்திருந்தார். ஒரு கையில் புது நாசில், இன்னொரு கையில் ஒரு கறுப்பு உறை. விரல்நுனி முதல் தோள்வரை மாட்டிக்கொள்வது.

"அக்கா, நீங்க எப்பவும் எப்படி அடிப்பீங்களோ அப்படியே அடிங்க. எதையும் மாத்த வேண்டாம். உங்க கை எங்க சாயுது, எங்க சுத்துது, எங்க தயங்குதுன்னு எல்லாத்தையும் இது படிச்சுக்கும்," என்றார்.

"படிச்சு என்ன பரீட்சையா எழுதப்போகுது?"

சிரித்தார். "ஒரு இரும்புக் கைக்குச் சொல்லிக்குடுப்போம்க்கா. அப்புறம் அது அச்சு அசலா உங்களை மாதிரியே அடிக்கும். இனிமே மனுசங்க யாரும் பச்சைப் பாறைக்கு அடியில நிக்கவே வேண்டாம்."

அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் நான் விழுந்தேன். அதற்கு முந்தைய வருடம் கலவை இன்னும் அடிக்காத பச்சைப் பாறையிலிருந்து கல் ஒன்று கழன்று என் வலது தோளில் விழுந்திருந்தது. தலையில் விழுந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல ஆள் இருக்காது. யாரும் அங்கே நிற்க வேண்டாம் என்றால் சும்மாவா? கண்ணை மூடிக்கொண்டு சரி என்றேன்.

ஆனால் அந்தக் கல் விழுந்த கதை நிறுவனத்துக்குத் தெரியாது. தெரிந்தால் மருத்துவச் சான்றிதழைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். எனக்கும் பம்ப் ஓட்டும் காசிமாயன் அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும். தோள் ஆறிவிட்டது, ஆனாலும் ஒரு குறை நின்றுபோனது. நாசிலைத் தலைக்கு மேல் தூக்கி இடப்பக்கம் கொண்டுபோய் மணிக்கட்டைத் திருப்பினால் தோள் பிடித்துக்கொள்ளும். அதனால் இடப்பக்க மேல் வளைவில் ரிப்புக்குப் பின்பக்கம் நிறையாமலே போகும். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். எல்லாம் அடித்து முடித்ததும் குடைகிற முகப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்பேன். இப்போது இடப்பக்கம் எனக்கு வலப்பக்கம் ஆகிவிட்டதல்லவா? அப்படி நின்று விட்ட இடத்தை நிரப்புவேன். பதினோரு நிமிடம் ஆகும். அதற்கு நானும் மாயண்ணனும் வைத்த பெயர் திரும்படி.

நவநீத் பதிவு செய்த ஆறு மாதமும் இந்தத் திரும்படியை மறைத்தேன். வழக்கமான அடி முடிந்ததும் உறையைக் கழற்றிக் கொடுத்துவிடுவேன். "ஓஸ்ல மிச்சக் கலவை கெடக்கு சார், இறுகுறதுக்குள்ள சுவத்துல அடிச்சுக் காலி பண்ணிட்டு வாரோம்" என்பேன். எல்லா இடத்திலும் நடப்பதுதான், யாரும் சந்தேகப்படவில்லை. அவர் டீ குடிக்கப் போனதும் நான் திரும்பி நின்று அடிப்பேன்.

மாயண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. "ஏத்தா, சொல்லிப்புடுவமா? திரும்படியும் சேந்தாத்தானே உன் கை முழுசாகும்?" என்றார் ஒருநாள்.

"அதைச் சொன்னா தோளைச் சொல்லணும். தோளைச் சொன்னா நாளைக்கு நான் வீட்டுல இருப்பேன். பேசாம பம்ப்ப ஓட்டுங்கண்ணே."

ஓட்டினார். பொய் என்னுடையதுதான், அவர்மேல் பழி போட மாட்டேன்.

அப்புறம் இரும்புக் கைகள் வந்தன. ஒன்பது சுரங்கத்துக்கும் ஒவ்வொன்று. அடேயப்பா, பார்க்க வேண்டுமே! நான் வளைக்கிற இடத்தில் வளைந்தது, நான் தயங்குகிற இடத்தில் தயங்கியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. திறப்பு விழாவில் எனக்கு மாலை போட்டார்கள். அதோடு சரி. மறுநாள் நாசிலைத் தொடப் போனவளைத் தடுத்துவிட்டார்கள். கை அவர்களுடையது, அந்தக் கையால் நான் வேறெங்கும் அடித்தால் திருட்டாம். நம்ப மாட்டீர்கள், அதற்குச் சட்டமே வந்துவிட்டது, அசைவுரிமைச் சட்டம் என்று. போதாக்குறைக்கு நிறுவனத்தின் ஒவ்வொரு நாசிலிலும் ஒரு சில்லு வைத்தார்கள். தங்களிடம் பதிவாகியிருக்கும் அசைவை யாராவது செய்தால் சிவப்பு விளக்கு எரிந்து காவலுக்குச் செய்தி போய்விடும். என்னை வரவேற்பறையில் உட்காரவைத்தார்கள். பார்க்க வருகிறவர்களிடம் "இவங்க கைதான் உள்ள வேலை செய்யுது" என்று காட்டுவார்கள். கண்காட்சிப் பொம்மையாக எட்டு வருடம் உட்கார்ந்தேன்.

இரும்புக் கைக்குத் திரும்படி தெரியாதே என்று எனக்குத் தோன்றவில்லையா? தோன்றியது. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு விட்ட இடத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. கேட்டால் தோளைச் சொல்ல வேண்டியிருக்கும். கேட்கவில்லை.

புரட்டாசி நடுவில் என் தங்கச்சி பவித்ரா வந்து நின்றாள். ஏழாம் சுரங்கத்தில் துளை போடுகிறவள். மத்தியானச் சாப்பாட்டு நேரம், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, முகமெல்லாம் சிமென்ட் தூசி.

"அக்கா, உன் கைக்கு என்னாச்சு?"

"என் கைக்கு என்னடி? நல்லாத்தான் இருக்கு."

"இதைக் கேக்கல. உள்ள இருக்கிற கையைக் கேக்கிறேன்." குரலைத் தாழ்த்தினாள். "இடப்பக்க மேல் வளைவுல விளக்கு மாட்டத் துளை போட்டேன். நாலு விரக்கடை போச்சு, அப்புறம் பொசுக்குன்னு உள்ள இழுத்துக்கிச்சு. டிரில் பிட்ட உருவுனா தண்ணி ஊத்துது. அடுத்த ரிப்புலயும் அதே மாதிரி, அதுக்கடுத்த ரிப்புலயும் அதே மாதிரி. பன்னெண்டு ரிப்பு பாத்தேன்க்கா. அளந்து வச்ச மாதிரி எல்லாம் ஒரே எடம். எதுக்கால வலப்பக்கம் பூராம் கெட்டியா இருக்கு. நீ அடிச்சா இப்படி இருக்காதே?"

அவளும் இன்னும் இருபத்தோரு பேரும் தினமும் எட்டு மணி நேரம் அதற்கடியில்தான் நிற்கிறார்கள். ஒரு மாதத்தில் ரயில் ஓடப்போகிறது. இடையில் ஐப்பசி அடைமழை. என் தங்கச்சியின் தலைக்கு மேல் பொந்து வைத்தது வேறு யாரும் இல்லை, நான்தான்.

தோளையும் திரும்படியையும் அங்கேயே அவளிடம் சொல்லிவிட்டேன். "எட்டு வருசமா உன் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?" என்று கத்தினாள். வரவேற்பறையே திரும்பிப் பார்த்தது. அவள் கேட்டதில் தப்பே இல்லை.

நேராக நவநீத்திடம் போனேன். இப்போது அவர் தரக் கட்டுப்பாட்டுத் தலைவர், அறையில் குளிர்சாதனம், நான் அக்காவிலிருந்து மேடம் ஆகியிருந்தேன். ஒன்று விடாமல் சொன்னேன். முகம் வெளுத்துத்தான் போனது, ஆனால் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"ஸ்கேன்ல எல்லாம் பச்சையாத்தான் இருக்கு மேடம்."

"ஸ்கேன் மேல்தோலைப் பாக்கும். பின்னாடி பொந்து இருந்தாத் தெரியுமா சார்?"

"அந்தக் கை இதுவரைக்கும் நாப்பது கிலோமீட்டர் அடிச்சிருக்கு. ஒரு புகார் வந்ததில்ல."

"இந்தா, நான் புகார் சொல்றேன்ல? என் கை தப்புன்னு நானே சொல்றேன்!"

"நீங்க சொல்ல முடியாது மேடம்." மேசையைப் பார்த்தபடி பேசினார். "அது நிறுவனத்தோட கை. அதுல குறை சொல்ற உரிமை உங்களுக்கு இல்லைன்னு ஒப்பந்தம் சொல்லுது. தோள் விஷயத்தை மறைச்சதுக்கு முதல் வழக்கு உங்க மேலதான் வரும். ரயில் ஓடட்டும், மழை முடியட்டும். தை மாசம் பாப்போம்."

"மழையிலதான்யா அது விழும்!"

"குறிச்சு வச்சுக்கிறேன்," என்றார். பேனாவைக் கையில் எடுக்கவே இல்லை.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. என் கையில் குறை இருக்கிறதென்று சொல்ல எனக்கு உரிமை இல்லையாம்! படியிறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். மாயண்ணன் அப்போது வெளியே மழைநீர் வாய்க்காலுக்குக் கலவை பம்ப் செய்துகொண்டிருந்தார். போய் நின்றதும் என் முகத்தைப் பார்த்தே, "எந்த சுரங்கம்த்தா?" என்றார்.

"ஏழு."

"நாசிலப் புடிச்சா செவப்பு எரியுமே. ஜெயிலுக்குல்ல அனுப்பிருவாய்ங்க?"

"முன்னாடி நின்னு அடிச்சாத்தான்ணே எரியும். அதான் பதிவாயிருக்கு. திரும்படி அவங்ககிட்ட இல்லையே, எப்படி எரியும்?"

அப்படித்தான் நம்பியிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் ஏழாம் சுரங்கத்துக்குள் பம்ப்பை இழுத்துப்போனோம். சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த இருபத்திரண்டு பேரும் வேடிக்கை பார்க்க எழுந்து வந்தார்கள். பவித்ரா முதலில் ஆட்களை எல்லாம் பின்னால் தள்ளி நிறுத்தினாள். அப்புறம் ஓரத்தில் முட்டுக் கொடுத்துவிட்டு, நீளக் கம்பியால் இடப்பக்க மேல் வளைவில் இடித்தாள். நாலாவது இடியில் கட்டில் அகலத்துக்கு ஓடு பெயர்ந்து விழுந்தது. பின்னாலேயே தண்ணீர், குடம் குடமாக, கறுப்பாக. விழுந்த ஓட்டின் கனம் நாலு விரக்கடைகூட இல்லை. ஒடிசாவிலிருந்து வந்திருந்த ஒருவர், கொஞ்ச நேரத்துக்கு முன் உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தைப் பார்த்தார். அந்த ஓடு அவர் தட்டின் மேல்தான் கிடந்தது.

"இப்பத் தள்ளுங்க," என்று நாசிலை வாங்கினேன்.

எட்டு வருடம்! ஓஸ் உதறியதும் கை தானாக அடங்கிப் பிடித்துக்கொண்டது. முகப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன். கலவை ரிப்புக்குப் பின்னால் போய் அப்பும் சத்தம் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை, அழுதுகொண்டே அடித்தேன். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். நாசிலில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"ஆத்தா, எரியுது! போட்டுட்டு ஓடியாந்துரு!" என்று மாயண்ணன் அலறினார்.

"எரிஞ்சா எரியட்டும்! நீங்க காத்தக் கூட்டுங்க!"

காவல் ஆட்கள் ஓடிவருவதற்குள் நாலு ரிப்பு நிரப்பிவிட்டேன். போலீஸ் வண்டியில் ஏறும்போது பவித்ராவின் ஆட்கள் சுத்தியலை எடுத்துச் சுவரைத் தட்டிப் பார்த்து, பொந்து ஒலிக்கும் இடத்திலெல்லாம் பெயின்ட் பூசிக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை முதல் ஏழாம் சுரங்கத்துக்குள் ஒருவரும் நுழையவில்லை. ஆனால் மற்ற எட்டில் வேலை நடந்தது. நான் நல்ல சுவரை உடைத்து நாச வேலை செய்ததாக நிறுவனம் அறிக்கை விட்டது. என்மேல் போட்ட வழக்கு கைத் திருட்டு. திருடியது மோனிஷா, திருட்டுப் போனது மோனிஷாவின் கை. காவல் நிலையத்து எழுத்தருக்கே எழுதும்போது தலை சுற்றியது.

எனக்காக வந்த வக்கீல் உத்தமபாளையத்துப் பெண், ரஹிமா பானு. ஜாமீனில் எடுத்த மறுவாரமே ஒரு செய்தியோடு வந்தார்.

"அக்கா, வழக்க வாபஸ் வாங்குறோம்னு மனு போட்டிருக்காங்க. நீங்க சரின்னு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுச்சு. வீட்டுக்குப் போகலாம்."

"இம்புட்டு நல்லவங்களா அவங்க?"

"அதான் நானும் யோசிச்சேன்." பானு காகிதங்களைக் கீழே வைத்தார். "ஒண்ணு கேக்கிறேன், நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. விளக்கு எப்ப எரிஞ்சுச்சு? முன்னாடி பாத்து அடிச்சீங்களா?"

"இல்லம்மா. திரும்பி மட்டுந்தான் நின்னேன்."

"பதிவுல இல்லாத அசைவுக்கு எப்படிக்கா எரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. உறையைக் கழற்றிவிட்டேனே! திரும்படி அவர்களிடம் எப்படிப் போயிருக்கும்? அப்போதுதான் விளங்கியது. நான் உறையைத்தான் கழற்றினேன். கையில் பிடித்திருந்தது நவநீத் கொண்டுவந்த நாசில். அதுவும் படித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

"அப்ப எட்டு வருசமா அவங்ககிட்டயே இருந்திருக்கு," என்றேன்.

"இருந்திருக்கு. இருந்தும் இரும்புக் கைக்குச் சொல்லிக்குடுக்கல. வழக்கு நடந்தா அந்தப் பதிவக் கோர்ட்டுல காட்டணும்க்கா, அதுக்குத்தான் பயப்படுறாங்க. ஆனா ஒண்ணு, பதிவுல இருக்குன்னு ஆச்சுன்னா நீங்க திருடுனது உறுதி. ரெண்டு வருசம் வரைக்கும் உள்ள வைக்கலாம்."

பவித்ரா பக்கத்தில் நின்றிருந்தாள். என் தோளில் கையை வைத்தாள். மனுவை வாங்கி நாலாகக் கிழித்தேன். பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது.

நீதிமன்றத்தில் நிறுவனத்தின் வக்கீல் தேனாகப் பேசினார். வயதான தொழிலாளி, உணர்ச்சிவசப்பட்டுச் செய்த தவறு, நிறுவனம் மன்னிக்கிறது என்றார். எனக்கு நாற்பத்து நாலு வயதுதான் ஆகிறது! நீதிபதி அம்மாள் என்னைப் பார்த்தார்.

"வழக்கைத் திரும்பப் பெறுவதில் உங்களுக்கு ஆட்சேபணை இருக்கிறதா?"

"இருக்குங்கம்மா. நான் திருடுனேன். ஒத்துக்கிறேன். என்னத்தத் திருடுனேன்னு அவங்க எடுத்துக் காட்டட்டும். காட்டாம என்னை விடக் கூடாது."

யாரோ பின்னால் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த ஆறு மாதத்து நாசில் பதிவை முழுசாகக் கொண்டுவரச் சொன்னார். அதுவரை ஒன்பது சுரங்கத்துக்குள்ளும் ஆள் நடமாட்டம் கூடாது என்று உத்தரவும் போட்டார்.

இடையில் ஐப்பசி பிறந்தது, மழை பிடித்துக்கொண்டது. எட்டாம் தேதி காலை பத்தரை மணிக்கு மூன்றாம் சுரங்கத்தில் இடப்பக்க மேல் வளைவு இருபதடி நீளத்துக்குத் தானாகப் பெயர்ந்து விழுந்தது. மற்ற நாளாக இருந்தால் அங்கே தண்டவாளம் பதிக்கும் முப்பது பேர் நின்றிருப்பார்கள். அன்றைக்கு ஈ காக்கா இல்லை. செய்தி கேட்டதும் நானும் பவித்ராவும் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதோம்.

அடுத்த வாரம் நவநீத் சாட்சிக் கூண்டில் ஏறினார். ஒருவாரத் தாடி. திரையில் என் அசைவுகள் கோடுகளாக ஓடின. ஒவ்வொரு நாள் அடியின் கடைசியிலும் ஒரு துண்டு சாம்பல் நிறத்தில் தனியாக நின்றது. அதற்குமேல் ஒரு சொல்: கழிவு.

"இந்தப் பதினோரு நிமிடம் என்ன?" என்று நீதிபதி கேட்டார்.

"ஓஸைக் காலி பண்றாங்கன்னு நெனைச்சோம். அதனால... நீக்கிட்டோம். வளைவுக்குப் பதினோரு நிமிஷம் மிச்சமாச்சு."

"நீக்கியது யார்?"

"நான்தான்."

"மோனிஷா உங்களிடம் வந்து உண்மையைச் சொன்ன பிறகு இந்தப் பதிவைத் திறந்து பார்த்தீர்களா?"

நிறுவனத்தின் வக்கீல் எழுந்தார். நவநீத் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "பாத்தேன் அக்கா," என்றார். நீதிபதி கேட்டதற்கு என்னிடம் பதில் சொல்கிறோம் என்றே அவருக்கு உறைக்கவில்லை. "அன்னைக்கு ராத்திரியே பாத்தேன். மேல சொன்னேன். வாயை மூடிட்டு இருக்கச் சொன்னாங்க. இருந்துட்டேன்."

அவர்மேல் எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் எட்டு வருடம் நானும் அதைத்தானே செய்தேன்? நான் சொன்ன ஒரு பொய்யை அவர் நம்பினார், அந்தப் பொய்க்குக் கழிவு என்று பெயர் வைத்தார். அவ்வளவுதான்.

நிறுவனத்தின் வக்கீல் கடைசியில் பல்டி அடித்தார். நீக்கப்பட்ட பகுதி நிறுவனத்துடையதே இல்லை, அது மோனிஷாவின் சொந்த அசைவு, ஆகவே திருட்டே நடக்கவில்லை, அவரை விடுதலை செய்யுங்கள் என்றார். என்னைக் குற்றம் சாட்டியவர் எனக்காக வாதாடுகிறார்! பானு எழுந்து, "என் கட்சிக்காரர் தான் குற்றவாளி என்பதில் உறுதியாக இருக்கிறார்," என்றார். மன்றமே கொல்லென்று சிரித்தது. மாயண்ணன் விசில் அடித்து வெளியே அனுப்பப்பட்டார்.

தீர்ப்பு வந்தது. ஒப்பந்தத்தில் ‘அசைவுகள் அனைத்தும்’ என்று இருக்கிறது. அனைத்தும் என்றால் வேண்டாமென்று வெட்டிப்போட்டதும் சேர்த்துத்தான். ஆகவே திரும்படியும் நிறுவனத்தின் உடைமை. அதை அனுமதியின்றி எடுத்துப் பயன்படுத்திய மோனிஷா குற்றவாளி, மூன்று மாதம் சிறை. தன்னிடம் இருந்த கையை முழுசாகப் பயன்படுத்தாமல் வெட்டியதால் ஒன்பது சுரங்கத்துப் பொந்துகளுக்கும் முழுப் பொறுப்பு நிறுவனம். ஒவ்வொரு ரிப்பையும் திறந்து, நிரப்பி, துளை போட்டுக் காட்டும்வரை ரயில் ஓடக் கூடாது.

குற்றவாளி என்ற சொல்லைக் கேட்டதும் பவித்ரா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். தண்டனை வாங்கியவளைத் தூக்கிச் சுற்றிய குடும்பம் இந்த ஜில்லாவில் நாங்களாகத்தான் இருக்கும்.

அன்று சாயங்காலமே சிறைக்குக் கூட்டிப்போனார்கள். பதிவேட்டு மேசையில் ஒரு பெண் அதிகாரி பெயர், ஊர், அடையாளமெல்லாம் கேட்டு எழுதினார். முடித்ததும் கண்ணாடித் தகட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"வலது கையை வைம்மா, ரேகை எடுக்கணும்."

கையைக் கட்டிக்கொண்டேன். "அது என்னோடது இல்லீங்க மேடம். தீர்ப்புலயே போட்டிருக்கு, பாருங்க. வேணும்னா கம்பெனிகிட்ட எழுதிக் கேட்டு வாங்கிக்கங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தீர்ப்பை எடுத்து ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். மேலதிகாரிக்குப் போன் போட்டார், அவர் இன்னொருவருக்குப் போட்டார். அரைமணி நேரம் நான் நின்றுகொண்டே இருந்தேன், கையைப் பிரிக்கவே இல்லை. கடைசியில் போனை வைத்துவிட்டு, "சரி, இடது கையை வை," என்றார்.

வைத்தேன்.